மூடுபனியில் இறங்கும் சுருதி: தோட்டத்துப் பிள்ளைகளோடு ஒரு வருடம்

பீலிக்கரை
சனி, இரவு 8.20

எல்லாருக்கும் வணக்கம். போன வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு இங்கே ஒரு வேண்டுகோள் வைத்திருந்தேன். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க நாங்கள் ஏழு பேர் சேர்ந்து சின்ன அறக்கட்டளை ஒன்று தொடங்குகிறோம், வீட்டில் சும்மா கிடக்கும் வாத்தியம் இருந்தால் தாருங்கள் என்று. தந்தீர்கள். இரண்டு மிருதங்கம், மூன்று வயலின், ஒரு ஹார்மோனியம், ஒரு சுருதிப்பெட்டி வந்தன. காசும் வந்தது. அதெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

மாசியில் 14 பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பில் இப்போது 22 பேர். யாரிடமும் ஒரு சதமும் வாங்கவில்லை. சனிக்கிழமை காலையில் தோட்டத்து மண்டபத்தில் வாய்ப்பாட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு மிருதங்கமும் வயலினும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்ற தொடக்கப் பயிற்சி எல்லாம் தாண்டி ஆறு பேர் கீதத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஒரு மிருதங்கத்துக்கு நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது அது. பலாக்கட்டை, நல்ல நாதம். வாத்தியத்தை அலுமாரியில் பூட்டி வைக்கக் கூடாது, பழகும் பிள்ளையின் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுத்திருந்தோம். அதனால் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்குப் போனது. வைகாசிக் கடைசியில் தென்மேல் மழை பிடித்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வெயிலைக் காண்பது அரிது, பகல் பதினொரு மணிக்கும் மூடுபனி லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் வந்து நிற்கும். தோல் ஈரத்தைக் குடித்தது, சுருதி இறங்கியது, வலந்தலையை (வலப்பக்கத் தோலை) தட்டினால் நனைந்த சாக்கைத் தட்டிய மாதிரி இருந்தது. பையனின் அம்மா என்ன செய்திருக்கிறார் என்றால், விறகு காயவைக்கும் அடுப்புப் பரணில் மிருதங்கத்தை ஏற்றிவிட்டார். நான்கு நாள் அங்கேயே இருந்திருக்கிறது. வலந்தலை நடுவில் இருக்கும் கருவட்டம், கரணை, வெடித்துவிட்டது.

நான் போனபோது அவர் மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. உதிர்ந்த கருந்துண்டுகளை ஒரு துணியில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து வந்து அவிழ்த்துக் காட்டினார். "ஒன்னையும் வீசல தம்பி. எல்லாம் இருக்கு. இத ஒட்ட முடியுமா?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. மழைக்காலத்தில் தோலை எப்படிக் காப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்காமல் வாத்தியத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். பிழை எங்களுடையது.

அந்தப் பையனின் தாத்தா நாற்பது வருடம் தப்பு (பறை மாதிரித் தோல்கருவி) அடித்தவர். திண்ணையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தோலுக்கு நெருப்பக் காட்டலாம், நெருப்புல குடிவைக்கக் கூடாது" என்றார். உள்ளே போய்த் தன் தப்பை எடுத்து வந்தார். வாசலில் காய்ந்த மானாப் புல்லைக் கொளுத்தி, தப்பை அதற்கு மேல் சுற்றிச் சுற்றிக் காட்டி, சுற்றுக்கு ஒருமுறை விரலால் சுண்டிக் காதில் வைத்துப் பார்த்தார். நாலைந்து சுற்றில் தோல் 'டண்' என்று பேசியது. அன்றிலிருந்து அவர் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வகுப்புக்கு வருகிறார்.

அப்புறம் காசு. வந்ததில் பாதிக்கு மேல் டீச்சரின் போக்குவரத்துக்கும் கொடுப்பனவுக்கும் போயிற்று. அவர் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸில் வந்து, அங்கிருந்து தோட்டத்துக்கு ஓட்டோ பிடிக்க வேண்டும். பஸ் காசு பெரிதில்லை, ஓட்டோதான் பெரிது. நடுவில் இரண்டு மாதக் கொடுப்பனவு பிந்தியது. அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் மூன்று சனிக்கிழமை வரவும் இல்லை. கைக்காசு போட்டு வர அவரிடம் இல்லை. அந்த மூன்று கிழமையும் பிள்ளைகள் வந்து மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். மண்சரிவுக்குப் பயந்து வந்த குடும்பங்களுக்கு அதே மண்டபம்தான் முகாம். மார்கழி வகுப்பு முழுக்க நின்றது. ஒரு வயலின் சேற்றோடு போய்விட்டது, அது இருந்த வீடே போய்விட்டது. பிள்ளைகளும் பெற்றவர்களும் முதல் நாளே இறங்கிவிட்டதால் தப்பினார்கள். மின்சாரம் இல்லாத அந்த இரவுகளில் போனில் இருந்த தம்புராவும் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. நீங்கள் அனுப்பிய பழைய துருத்திச் சுருதிப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. ஒரு பிள்ளை அதை அமுக்க, மற்றவர்கள் பாட, முகாமில் இருந்த சின்னதுகள் அதைக் கேட்டபடி தூங்கின.

இந்த வருடத்துக்கு இரண்டு விடயத்தில் உங்கள் யோசனை வேண்டும். காசை வாத்தியத்துக்குப் போடுவதா, ஆசிரியர் வரும் வழிக்குப் போடுவதா? தாத்தாவை வைத்துத் தப்பையும் ஒரு பாடமாகச் சேர்ப்பதா? இரண்டாவதில் எங்கள் ஏழு பேருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.


ரொறன்ரோப் பேரன்
சனி, இரவு 11.05

அண்ணே, படித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. எங்கள் தாத்தா ஆச்சி பொகவந்தலாவைக்காரர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்குப் போய், அங்கிருந்து நாங்கள் இங்கே. ஆச்சி தாலாட்டுப் பாடினால் அதில் கங்காணியும் கொழுந்தும் வரும்.

இங்கே ஒரு பாடசாலையில் பழைய வயலின்களைக் கழிக்கிறார்கள். இருபது வரை எடுத்துத் தர என்னால் முடியும். அனுப்பட்டுமா? இன்னொன்று, வருட முடிவில் நுவரெலியாவில் ஒரு பெரிய மேடைக் கச்சேரி வைத்தால் பிள்ளைகளுக்கும் ஊக்கம், இங்கே காசு சேர்க்கவும் இலகுவாக இருக்கும்.


கண்டி வில்
ஞாயிறு, காலை 6.40

தம்பி, உங்கள் மனசுக்கு நன்றி. நான் கண்டியில் வயலின் சொல்லிக்கொடுப்பவள். அனுப்புவதற்கு முன்னால் இரண்டொரு விடயம் பாருங்கள்.

முதலில் அளவு. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைக்கு அரை அளவு வயலின், பதினொன்று பன்னிரண்டில் முக்கால், அதற்குப் பிறகுதான் முழு அளவு. இருபதும் முழு அளவாக வந்தால் சின்னப் பிள்ளைகள் கையை எட்டி எட்டிப் பிடித்து, தோள் வலித்து, மூன்றாம் மாதம் விட்டுவிடுவார்கள். நான் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அடுத்தது, பலகையை ஒட்டியிருக்கும் பசை. உங்கள் ஊர்க் குளிரும் எங்கள் மலைக் குளிரும் ஒன்றல்ல. இங்கே ஈரம் மாதக்கணக்கில் இருக்கும், ஓரம் விட்டுப் பிளக்கும். தந்தியை முறுக்கும் பிரடை ஈரத்தில் ஊதி இறுகும், பனிக்கால வறட்சியில் சுருங்கி வழுக்கும். வழுக்கினால் கொஞ்சம் சோக்குக்கட்டித் தூள் தடவலாம். இறுகினால் முறுக்கவே கூடாது, உடைந்துவிடும். பிரித்து ஒட்ட வேண்டும் என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோதான் கொண்டு போக வேண்டும்.

ஆகவே இருபது வேண்டாம். அரை அளவில் மூன்று, முக்காலில் மூன்று, நல்லதாகப் பார்த்து அனுப்புங்கள். மிச்சக் காசுக்கு தந்தி செட்டும் வில்லுக்கு ரொசினும் வாங்கி அனுப்புங்கள். இங்கே அறுந்த ஒரு தந்திக்காக ஒரு மாதம் சும்மா இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.


பசறைத் தாய்
ஞாயிறு, காலை 10.15

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, மகள்தான் அடித்துத் தருகிறாள். அவள் எங்கள் பக்கத்தில் இது மாதிரி ஒரு வகுப்பில் இரண்டு வருடம் பாட்டு படித்தாள். மேடையைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார், அதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மேடை வந்தால் பட்டுப்பாவாடை வேண்டும், பூ வேண்டும், வேன் காசு வேண்டும். அன்றைக்கு நானும் வேலைக்குப் போக முடியாது. 2024 இல் நாள் சம்பளத்தை 1,350 ரூபா ஆக்கினார்கள், 2026 இல் 1,750 ஆகும் என்றார்கள், வரட்டும். ஆனால் கொழுந்து இல்லாத காலத்தில் நிறுவை குறைந்தால் அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும். பிள்ளை மேடை ஏறினால் நான் பெருமைப்பட மாட்டேனா? படுவேன். ஆனால் அந்த ஒரு நாளைவிட எனக்கு வேறொன்று வேண்டியிருந்தது. வகுப்பு முடிந்து அவள் தேயிலைக்குள்ளே தனியாக நடந்து வரக் கூடாது. எங்கள் மலையில் சிறுத்தைப்புலி நடமாட்டம் இருக்கிறது. மனுசரையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பு மூன்று மணிக்கு முடிந்தால் விடுவேன், ஐந்து மணி என்றால் விட மாட்டேன். எங்கள் வகுப்பு நின்றதற்குக் காரணம் அதுதான், நேரத்தை மாற்றினார்கள், நாலைந்து பெண் பிள்ளைகள் ஒன்றாக நின்றுவிட்டார்கள். யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

தம்பி, உங்கள் வகுப்பு எத்தனை மணிக்கு முடிகிறது?


பீலிக்கரை
ஞாயிறு, காலை 11.30

அக்கா, மூன்றரைக்கு முடிகிறது. மேட்டு லயத்துப் பிள்ளைகளை என்னோடு இருக்கும் ஒருவர் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார். ஆனால் இதை எழுதி வைத்த ஏற்பாடாக ஆக்கவில்லை, அவர் வராத நாளில் பிள்ளைகள் தாங்களாகத்தான் போகிறார்கள். உங்கள் பதிவைக் கண்டதும் நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன். உங்கள் மகள் இப்போதும் பாடுகிறாளா?


பசறைத் தாய்
ஞாயிறு, காலை 11.52

பாடுகிறாள். கோயிலில் மட்டும்.


மேட்டு லயம்
ஞாயிறு, மாலை 5.10

தப்பு விடயத்தில் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். கோபத்தில் எழுதவில்லை, நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா தப்பு அடித்தவர். அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, அந்தக் காலத்தில் விடிவதற்கு முன்னே பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் கூட்டத்துக்கு) ஆட்களை எழுப்பத் தப்பு அடித்தவர். தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். காய்ச்சலோடு கிடந்தாலும் போக வேண்டும். போனால் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், தேத்தண்ணீர் தனிக் கோப்பையில், கூலி பாதி காசாகவும் பாதி சாராயமாகவும் வரும். அந்தச் சாராயம்தான் அவரைக் கொண்டு போனது. பாடசாலையில் என் பெயரைச் சொல்லாமல் 'டண்டணக்கா' என்று கூப்பிட்ட பையன்கள் இன்று எனக்கு முகநூலில் நண்பர்கள். நான் எதையும் மறக்கவில்லை.

இப்போது படித்தவர்கள் வந்து தப்பைப் பண்பாடு என்கிறார்கள். சரி. ஆனால் வகுப்பில் சேர்த்தால் தப்பைக் கையில் எடுக்கப் போகும் பிள்ளை யார்? மிருதங்கமும் வயலினும் ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்கு, தப்பு எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு என்று பிரியாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? என் மகன் மிருதங்கம் படிக்கட்டும். அவனுக்குத் தப்பு வேண்டாம்.


ரதி வேசம்
ஞாயிறு, இரவு 9.25

மேட்டு லயம் அண்ணே, நீங்கள் சொன்ன ஒன்றையும் மறுக்க என்னால் முடியாது. என் பெரியப்பாவும் அப்படித்தான் வாசலுக்கு வெளியே நின்றவர்.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தேன். ஊரில் மதன் எரிந்த கதையை ஆடும் காமன்கூத்துப் பார்த்து வளர்ந்தவள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றினால், மதனை எரிக்கும் இரவு வரைக்கும் தோட்டத்தில் ஒரு வீட்டிலும் தூக்கம் இருக்காது. ரதி அழுகிற இடத்தில் தப்பின் அடி மெல்லக் குறைந்து, ஒரு குச்சி மட்டும் ஓரத்தில் தட்டிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் கூட்டமே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். காலம் காலமாக ஆண்கள்தான் ரதியாக ஆடினார்கள். நான் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டபோது கூத்து மாஸ்டர் மறுத்தார். பல்கலைக்கழக மேடையில் ஆடினேன், அதற்கு அவர் தப்பைத் தூக்கிக்கொண்டு மட்டக்களப்பு வரைக்கும் பஸ்ஸில் வந்தார்.

நம் மக்களின் போராட்டமும் பாட்டோடுதான் வந்தது. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சியம்மாள் 1930களில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடித்தான் ஆட்களைக் கூட்டினார், 1940 இல் அந்தப் பாட்டுகளை அச்சிலும் கொடுத்தார். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகக் கேட்டு நாட்டார் பாடல்களைத் தொகுத்திராவிட்டால் எத்தனை பாட்டு இன்று நம்மிடம் இருக்கும்? வகுப்பில் சரளி வரிசை சொல்லிக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் வீட்டுப் பாட்டு வகுப்புக்குள் வரவே கூடாது என்றால், அது பாட்டே இல்லை என்று நாமே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உங்கள் பயத்துக்கு என் பதில் இதுதான்: தப்பைத் தனிப் பிரிவாக வைக்க வேண்டாம். வயலின் பிள்ளையும் மிருதங்கப் பிள்ளையும் வாய்ப்பாட்டுப் பிள்ளையும், எல்லாருமே தப்பு பிடிக்க வேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை. அது முடியாது என்றால் சேர்க்கவே வேண்டாம்.


மாவிட்டபுரத்து மிருதங்கம்
திங்கள், காலை 7.15

நடுவில் தொழில் விடயம் ஒன்று. பீலிக்கரை, அந்த மிருதங்கத்தைக் கழித்துவிடாதீர்கள். கட்டை நன்றாக இருந்தால் வலந்தலைக்குப் புது மூட்டு (தோல் மூடி) போடலாம், இங்கே யாழ்ப்பாணத்தில் கட்டித் தருவார்கள். வார் பழையது என்றால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அந்தத் தாய் சேர்த்து வைத்த துண்டுகளை ஒட்ட முடியாது. கரணையைச் சோற்றோடு கல்தூளைச் சேர்த்து அரைத்து, படை படையாக வைத்துத் தேய்த்துத்தான் ஏற்றுவார்கள். வெடித்தால் புதிதாகத்தான் போட வேண்டும்.

மழைக்காலத்துக்கு: வாசித்து முடிந்ததும் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) பூசிய ரவையைச் சுரண்டி எடுத்து, துணியால் துடைத்துவிட வேண்டும். பிள்ளைகள் மறக்கிற இடம் இதுதான். ஈர ரவையை விட்டால் தோல் அழுகும், எலியும் வரும். தடித்த துணி உறை ஒன்று, அதற்கு மேல் ரெக்சின் உறை. நிலத்தில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். வெயில் கண்ட நாளில் பத்து நிமிடம் வாசலில் நிழலாக வைத்தால் போதும், நேர் வெயிலில் வேண்டாம். தாத்தா சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

உங்கள் ஊரில் தோல் எப்படியும் இறங்கத்தான் செய்யும். ஆகவே பழகும் பிள்ளைகளுக்குத் தோல் மிருதங்கத்தோடு, தட்டிப் பழக வெறும் பலகை ஒன்றும் கொடுங்கள். சொற்கட்டை வாயால் சொல்லித் தொடையில் தாளம் போட்டுப் பழகினாலே முதல் ஆறு மாதம் ஓடிவிடும். நானும் அப்படிப் படித்தவன்தான். மூட்டு என் செலவு. பஸ்ஸில் ஏற்றி விடுங்கள்.


தர அட்டை
திங்கள், மாலை 4.40

மலையகப் பாடசாலை ஒன்றில் சங்கீத ஆசிரியை நான். எல்லாரும் இசையின் அருமையைப் பேசுகிறீர்கள், நான் பரீட்சையைப் பேசப் போகிறேன். ஏனென்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு கதவு.

ஆறாம் வகுப்பில் பிள்ளை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்று ஒரு அழகியல் பாடம் எடுக்க வேண்டும். சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலையில் குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தப் பிள்ளை சித்திரம்தான் எடுக்கும். சாதாரண தரப் பரீட்சையிலும் அதுவே தொடரும், உயர்தரத்துக்கு சங்கீதம் எடுக்க வழி இருக்காது. பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து இராமநாதன் கலைப் பீடமோ (முன்னர் இராமநாதன் நுண்கலைக் கழகம்) கல்லடி நிறுவகமோ அந்தப் பிள்ளைக்குக் கனவிலும் வராது. பதினொரு வயதில் மூடுகிற கதவு அது.

வெளியே இருந்து அதைத் திறக்க ஒரு வழி, வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகள். பாடசாலையில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் பிள்ளை ஒவ்வொரு தரமாக ஏறலாம். உங்கள் வகுப்பில் கீதம் பாடுகிற அந்த ஆறு பேரையும் இந்த வருடம் முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்க வையுங்கள். கட்டணமும், நிலையத்துக்குப் போய்வரும் செலவும் உங்கள் வரவு செலவில் இப்போதே இருக்கட்டும். தமிழ்த் தினப் போட்டிக்கும் பாடசாலை மூலம் பெயர் கொடுங்கள். கல்வி வலயம் தாண்டி மாகாணத்துக்கு ஒரு பிள்ளை போனால் அடுத்த வருடம் அதிபரே உங்களைத் தேடி வருவார்.

வாத்தியமா ஆசிரியரா என்று கேட்டீர்கள். ஆசிரியர். சந்தேகமே வேண்டாம். பிள்ளைக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியமும் தேவையில்லை, ஆனால் கிழமைக்கு ஒருமுறை தவறாமல் ஒருவர் வந்து, "நிஷாதம் இறங்குது, திரும்பப் பாடு" என்று சொல்ல வேண்டும். மூன்று கிழமை வராவிட்டால் அந்தப் பிழை தொண்டையில் குடியேறிவிடும்.


மேட்டு லயம்
செவ்வாய், இரவு 10.30

ரதி வேசம் தங்கச்சி எழுதியதை இரண்டு நாளாக யோசித்தேன். எல்லாரும் தப்பு பிடிக்க வேண்டும், விலக்கு இல்லை என்றால் அதை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் மூன்று விடயம் எழுத்தில் வேண்டும். வகுப்புத் தப்பை எந்தச் சாவு வீட்டுக்கும் எடுத்துப் போகக் கூடாது. பிள்ளைகளை யாரும் 'டண்டணக்கா' என்று கூப்பிடக் கூடாது. தாத்தாவுக்கும் ஹட்டன் டீச்சருக்கும் ஒரே கொடுப்பனவு. தாத்தா சும்மாதான் வருகிறார் என்று நினைக்கிறேன். சரிதானே?


பீலிக்கரை
செவ்வாய், இரவு 10.48

சரிதான் அண்ணே. இத்தனை மாதமாக நாங்கள் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அவர் வாங்க மாட்டார் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம், ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நாளைக்கே போகிறேன்.


ரொறன்ரோப் பேரன்
புதன், காலை 5.20

கண்டி அக்கா சொன்னபடி அரை அளவில் மூன்று, முக்காலில் மூன்று எடுத்து வைத்திருக்கிறேன். மேடைக் கச்சேரி யோசனையை விட்டுவிட்டேன். அதற்கு ஒதுக்க நினைத்த காசில் மாதாமாதம் ஓட்டோக் கூலியை நான் ஏற்கிறேன், முதலாம் தேதியே வந்து சேரும்படி வங்கியில் நிரந்தரக் கட்டளை போட்டுவிட்டேன். பிந்தாது.


பீலிக்கரை
வியாழன், இரவு 7.55

நேற்று மாலை தாத்தாவைப் பார்த்தேன். காசுப் பேச்சை எடுத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "மாஸ்டர்னு எழுதிக் கையெழுத்து வாங்குவீங்களா?" என்றுதான் கேட்டார். வாங்குவோம் என்றேன். டீச்சர் கையெழுத்து வைக்கும் அதே புத்தகத்தில் இந்தச் சனிக்கிழமை அவருக்கும் ஒரு பக்கம். மேட்டு லயம் அண்ணன் கேட்ட மற்ற இரண்டையும் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியாயிற்று, ஏழு பேரும் ஒப்பமிட்டுவிட்டோம்.

வகுப்பு இனி மூன்று மணிக்கு முடியும். பிள்ளைகளைக் கூட்டிப்போக இரண்டு பேர், முறை வைத்து. ஆறு பேருக்கும் முதலாம் தர விண்ணப்பம் இந்த மாதமே போடுகிறோம். மிருதங்கத்தைச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டோம், வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறது. பையன் அதன்மேல் தன் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறான், மாறிப் போகக் கூடாதாம். மாவிட்டபுரம் அண்ணா, சனிக்கிழமை விடியக் காலையில் பஸ் நிலையத்தில் யாராவது நிற்பார்களா?


மாவிட்டபுரத்து மிருதங்கம்
வியாழன், இரவு 8.10

நானே நிற்பேன். பையனிடம் சொல்லுங்கள், மாசிக்கு முன்னால் திரும்பி வந்துவிடும்.